வடுகவழி

திருத்தணிக்குப் பிரயாணம் செய்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் மலைமேல் நிற்கும் முருகனைத் தரிசிப்பதற்காகப் போகிறார்கள். 2025-ம் வருஷத்து ஆவணி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், சென்னை மூர்மார்க்கெட் வளாகத்து நிலையத்தில் மின்சார ரயிலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு நின்ற நானும் தரிசனத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன் என்றாலும், உண்மையில் நான் காண விரும்பியது அந்த மலைக்கு வடக்கே சில மைல் தூரத்தில், வயல்களுக்கும் மாந்தோப்புகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற தமிழக-ஆந்திர எல்லைக் கோட்டை.

என்னை இந்த யாத்திரைக்குத் தூண்டியது ஒரு பத்திரிகைச் செய்தி. பாங்காக்கிலிருந்து கிழக்கே புனோம் பென் நகரத்தை நோக்கிப் போகும் நெடுஞ்சாலை, கம்போடியாவின் எல்லை ஊராகிய பொய்பெட்டில் அடைக்கப்பட்டுக் கிடக்கிறது என்றும், பல வருஷங்களாகச் சரக்கு வண்டிகளும் கூலியாட்களும் ஓயாமல் போய்வந்துகொண்டிருந்த வாசலில் இப்போது வேலிதான் இருக்கிறது என்றும் அந்தச் செய்தி சொல்லிற்று. அது சாமானியமான சாலை அன்று. தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், வியத்நாம், பர்மா, சீனம் ஆகிய ஆறு தேசங்களும் 1992-ம் வருஷம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் முயற்சியால் ஒன்றுகூடி, மீகாங் நதிப் பிரதேசத்துக்கென்று உண்டாக்கிய ஒத்துழைப்புத் திட்டத்தில் 'பொருளாதார வழித்தடம்' என்று பெயர் சூட்டப்பட்ட பெருமார்க்கங்களில் ஒன்று அது. அண்டை நாடுகளுக்கு நடுவே நல்ல சாலை ஒன்றைப் போட்டுவிட்டால் சௌஜன்யம் தானே வந்து சேருமா, அல்லது சௌஜன்யம் உண்டான பிறகுதான் சாலைக்குப் பிரயோஜனம் உண்டாகுமா என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு கம்போடியா வரை போய்வர எனக்குச் சௌகரியம் இல்லை. திருத்தணி வரை போய்வரக் கையில் காசு இருந்தது.

வண்டி ஆவடியையும் திருவள்ளூரையும் கடந்து, காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து தங்கியதாகப் பக்தர்கள் போற்றும் திருவாலங்காட்டைத் தாண்டி, அரக்கோணத்தை அடைந்தது. 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது இந்த வழியில்தான். அரக்கோணத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மேற்கே காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் போக, மற்றொரு கிளை வடக்கே திரும்பித் திருத்தணி, ரேணிகுண்டா, குண்டக்கல் என்று நீண்டு, 1871-ல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு கைகோத்தது. ஆகவே, இன்று நாம் வழித்தடம் என்று பெரிய குரலில் பேசுகிற சங்கதி இந்த ஊருக்குப் புதிது அன்று; தமிழும் தெலுங்கும் கன்னடமும் மராத்தியும் வழங்கும் பூமிகளை ஒரே இரும்புக் கயிற்றால் கட்டிய பாதை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் திருத்தணியின் வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

திருத்தணி மலை உயரமானது அன்று. வருஷத்தின் நாள் ஒன்றுக்குப் படி ஒன்றாக 365 படிகள். டிசம்பர் 31-ந் தேதி இரவு ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிற படித்திருவிழாக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஏறிய அன்று என்னோடு படியில் இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஆடிக் கிருத்திகை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. புஷ்பக் காவடிகளிலிருந்து உதிர்ந்து காய்ந்துபோன சாமந்தி இதழ்கள் படிகளின் இடுக்குகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த குடும்பத்தில் பாட்டி தெலுங்கில் கோவிந்த நாமம் சொல்ல, பேரன் தமிழில் அரோகரா என்று கூவ, இரண்டும் ஒரே மூச்சில் கலந்து போயின. அவர்கள் திருப்பதியில் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்புகிற வழியில் இறங்கியவர்கள். ஒரே யாத்திரையில் மாமனையும் மருமகனையும் பார்த்துவிட்டுப் போவது இந்தப் பக்கத்து ஜனங்களின் வெகுகால வழக்கம்.

தணிகை என்ற பெயருக்குக் கோயிலில் சொல்லும் காரணம் யாவரும் அறிந்ததே. சூரபத்மனோடும் பிறகு வேடர்களோடும் செய்த போரின் கோபம் முருகனுக்குத் தணிந்த இடம் இது. ஆகவே மற்ற முருகன் தலங்களில் கோலாகலமாக நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே நடப்பதில்லை. அந்த நாளில் சுவாமிக்குப் புஷ்பாஞ்சலிதான். அருணகிரிநாதர் பாடிப் பாடித் தீராத தலம். கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் செய்தது இந்த மலையைப் பற்றித்தான். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீக்ஷிதர் இங்கே வந்தபோது, ஒரு முதியவர் அவர் வாயில் கற்கண்டு இட்டு மறைந்தார் என்பதும், அந்தக் கணத்தில் அவருடைய முதல் கிருதி பிறந்தது என்பதும் சங்கீத உலகத்தின் ஐதிகம். தத்துவ மேதை ராதாகிருஷ்ணன் 1888-ல் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தது இந்த ஊரில். தமிழில் திருப்புகழும், சமஸ்கிருதத்தில் கிருதியும், தெலுங்கில் தாலாட்டும் கேட்டு வளர்ந்த இந்த ஊரை ஒரு பாஷைக்காரர் மட்டும் தமக்கே உரியது என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது மலைமேல் நின்றால் விளங்கும்.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்த பிறகு, 1953-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, சித்தூர் ஜில்லா முழுவதும் அதன் பாகமாகிவிட்டது. திருத்தணியும் சித்தூர் ஜில்லாவில் இருந்தபடியால் அதுவும் போயிற்று. தமிழின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய புலவர் காலத்திலிருந்து படித்துவந்த ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகமும், இந்தப் பகுதியிலேயே தமிழ் கற்பித்துவந்த மங்கலங்கிழாரும், திருத்தணியின் கே. விநாயகமும் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியில் மறியலும் கைதும் சிறையும் உண்டு. அந்தப் பக்கத்திலும் அதே அளவு உஷ்ணம். கடைசியில், மத்திய சர்க்காரில் சட்ட மந்திரியாக இருந்த படாஸ்கர் மத்தியஸ்தராக வந்து அமர்ந்தார்.

அவர் செய்த காரியத்தின் பெருமை அதன் எளிமையில் இருக்கிறது. ஜில்லா, தாலுகா என்று பெரிய துண்டுகளாக எடுத்துக்கொண்டு சண்டையிட்டால் விவகாரம் தீராது என்று கண்டு, கிராமத்தை அளவாக வைத்துக்கொண்டார். அந்தக் கிராமத்தில் அதிகம் பேர் பேசும் பாஷை எது, அது எந்த ராஜ்யத்தின் நிலத்தோடு தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற இரண்டே கேள்விகளைக் கேட்டார். அந்தக் கணக்கின்படி 1959-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அப்போது காமராஜர் இங்கேயும் சஞ்சீவ ரெட்டியார் அங்கேயும் முதல் மந்திரிகள். 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணியும் பள்ளிப்பட்டும் உட்பட முந்நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. சத்தியவேட்டைச் சுற்றிய கிராமங்கள் முதலியவை இங்கிருந்து ஆந்திரத்துக்குப் போயின. திருப்பதியும் காளஹஸ்தியும் சித்தூரும் நகரியும் அங்கேயே நின்றன. அன்று இந்தியாவின் உப ஜனாதிபதியாக இருந்த ராதாகிருஷ்ணனின் பிறந்த ஊர் ஓரிரவில் ராஜ்யம் மாறியது. அவருக்கு அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. இரு தரப்பிலும் முழுத் திருப்தி அடைந்தவர் எவரும் இல்லை. இரு தரப்பிலும் வெறுங்கையோடு திரும்பியவரும் இல்லை. வேறு ராஜ்யங்களுக்குள் எல்லைத் தகராறு எழும்போதெல்லாம், பெல்காமுக்காக மகாராஷ்டிரம் வழக்காடியதைப் போல, படாஸ்கரின் முறையைப் பலர் மேற்கோள் காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

மலையின் வடக்கு ஓரத்தில் நின்று பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும்போது, நகரி மலை தெரியும். அதன் சிகரம் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருப்பதால், முற்காலத்தில் வங்கக் கடலில் வந்த மாலுமிகள் அதை அடையாளமாக வைத்துச் சென்னையைக் கண்டுபிடிப்பார்களாம். அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இன்னொரு மலைக்கோயிலின் நினைவு வந்தது. தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நடுவே டாங்கிரேக் மலைத்தொடரின் விளிம்பில், கெமர் அரசர்கள் சிவபெருமானுக்கு எடுத்த பிரேயா விஹார் ஆலயம் இருக்கிறது. அதுவும் எல்லைக் கோயில். அதற்கும் இரண்டு ராஜ்யங்கள் உரிமை கொண்டாடின. திருத்தணி நம்மிடம் வந்த இரண்டு வருஷத்துக்குப் பின், 1962-ம் வருஷம் ஜூன் மாதம், ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் அந்த ஆலயம் கம்போடியாவுக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. தாய்லாந்து தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதே ஒழிய அதை மனத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. கோயில் யாருடையது என்பது தீர்ந்தது. அதைச் சுற்றிய நிலத்தின் கோடு தீரவில்லை. 2008-ல் தொடங்கி மூன்று வருஷ காலம் அங்கே துப்பாக்கிகள் பேசின. 2025-ம் வருஷம் ஜூலையில், அதே மலைத்தொடரில் உள்ள இன்னொரு பழைய சிவாலயத்தின் பக்கத்தில் தொடங்கிய சண்டை ஐந்து நாள் நீடித்துப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. இந்தத் தகராற்றின் விளைவாகத்தான் பொய்பெட்டின் வாசல் திறவாமல் கிடந்தது.

இத்தனைக்கும், போர்க்களங்களைச் சந்தைகளாக மாற்றுவோம் என்று 1988-லேயே சொல்லிப் பெயர் வாங்கியவர் தாய்லாந்தின் பிரதம மந்திரியாக இருந்த சாதிசாய். 1991-ல் பாரிஸ் நகரத்தில் கம்போடியச் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான மறு வருஷமே மீகாங் திட்டம் பிறந்ததும் தற்செயல் அன்று. அந்தத் திட்டத்தின் நன்மைகளையும் மறுக்கலாகாது. தாய்லாந்தின் முக்தஹானுக்கும் லாவோஸின் சவன்னகேத்துக்கும் நடுவே மீகாங் நதியின்மேல் 2006-ல் கட்டி முடித்த பாலத்தில், ஒரு கரையில் சாலையின் இடது பக்கமாக வருகிற வண்டி மறு கரையில் வலது பக்கத்துக்கு மாறிக்கொண்டு போகிறதாம். தாய்லாந்தில் இடம், லாவோஸில் வலம் என்பது சட்டம். இரண்டு தேசத்தார் தத்தம் பழக்கத்தை விடாமலே ஒருவரை ஒருவர் மோதிக்கொள்ளாமல் போகக் கற்றுக்கொண்டதற்கு அதைக் காட்டிலும் அழகான சான்று எனக்குத் தெரியாது. தீர்ந்த எல்லையில் பாலம் வேலை செய்கிறது. தீராத எல்லையில் நெடுஞ்சாலையும் பாழ்நிலமாகிறது.

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. தமிழகமும் ஆந்திரமும் ஒரே தேசத்தின் இரண்டு அறைகள். ஒரே நாணயம், ஒரே பார்லிமெண்டு, தகராறு வந்தால் மத்தியஸ்தரை அனுப்ப ஒரு மத்திய சர்க்கார். சுதந்திர தேசங்களுக்கு இந்த வசதிகள் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும், 1974-ல் பேசி முடித்து 2015-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி இந்தியாவும் வங்காள தேசமும் 111 துண்டு நிலங்களையும் 51 துண்டு நிலங்களையும் மாற்றிக்கொண்டபோது செய்ததும் கிட்டத்தட்டப் படாஸ்கர் செய்த காரியந்தான். மேலும், ஒரே கொடி பறப்பதால் மட்டும் வாசல் திறந்திருக்கும் என்பதும் நிச்சயம் இல்லை. 2020-ம் வருஷம் ஏப்ரலில், கொரோனா நோய்க்குப் பயந்து, வேலூர் ஜில்லாவிலிருந்து ஆந்திரத்துக்குப் போகும் இரண்டு சாலைகளின் குறுக்கே செங்கல் அடுக்கிச் சுவரே எழுப்பிவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு இடித்தார்கள். 2025-ம் வருஷம் ஜூனில், உள்ளூர் மாம்பழத்துக்கு விலை விழுந்துவிட்டது என்று, வெளி ராஜ்யங்களிலிருந்து கிளிமூக்கு மாம்பழம் உள்ளே வரலாகாது எனச் சித்தூர் ஜில்லா நிர்வாகம் தடை போட, கர்நாடகத்தின் முதல் மந்திரி ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். மாம்பழத்துக்குப் பாஸ்போர்ட்டு இல்லை. அதற்கும் எல்லை உண்டாகிவிட்டது.

மலையிலிருந்து இறங்கி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, நகரிக்குப் போகும் ஆந்திர சர்க்கார் பஸ்ஸில் ஏறினேன். பக்கவாட்டில் 'பல்லெ வெலுகு' என்று எழுதியிருந்தது. கிராமத்து வெளிச்சம் என்று அர்த்தம். எனக்குப் பக்கத்து ஆசனத்தில், மல்லிகை விற்றுக் காலியான கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தாள். கண்டக்டர் வந்து, "ஏம் அவ்வா, டிக்கெட்டு?" என்று கேட்டார்.

"திருத்தணிக்குள்ள சுத்துற டவுன் பஸ்ஸுல எனக்குக் காசு கிடையாது, உங்க ஊருக்குள்ள சுத்துறதுலயும் இந்த மாசத்துலேருந்து காசு கிடையாதாம். நடுவுல கோட்டைத் தாண்டுறதுக்கு மட்டும் என்ன நைனா காசு?" என்றாள் அவள்.

கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "கோடு போட்டது நான் இல்லை அவ்வா" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் கிழவி கேட்டது எத்தனை நிபுணர்களின் அறிக்கையிலும் வராத கேள்வி. 2021-ம் வருஷம் மே மாதம் முதல் தமிழகத்துச் சாதாரண நகரப் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணம் இல்லை. 2025 ஆகஸ்டு 15 முதல் ஆந்திரத்தின் கிராமத்துப் பஸ்களிலும் இல்லை. இரண்டு சர்க்கார்களும் தத்தம் வீட்டுக்குள் தாராளமாக இருக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள நடையில்தான் காசு கேட்கிறார்கள். வழித்தடம் என்று பேசுகிறவர்கள் முதலில் திறக்க வேண்டிய கதவு எது என்று கேட்டால், நான் இந்தப் பூக்காரியின் டிக்கெட்டைத்தான் காட்டுவேன்.

பொன்பாடிச் சோதனைச் சாவடியில் பஸ் மெதுவாகச் சென்றது. 2017-ல் சரக்கு, சேவை வரி வந்த பிறகு வரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ரேஷன் அரிசியும் கஞ்சாவும் கடத்துகிறவர்களைப் பிடிக்கப் போலீஸார் மட்டும் நிற்கிறார்கள். எல்லையைப் பஸ் எந்த இடத்தில் தாண்டிற்று என்பது எனக்குத் தெரியவில்லை. கடைப் பலகையில் தமிழ் எழுத்து மெல்ல மெல்லக் குறைந்து தெலுங்கு எழுத்து மிகுந்துகொண்டே வந்தது. வெற்றிலை பாக்குக் கடையின் முகம் மாறவில்லை.

நகரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதில் விழுவது விசைத்தறியின் சத்தம். எல்லையின் தமிழகப் பக்கத்தில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, ஆந்திரப் பக்கத்தில் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்று, ஒரே நெசவுச் சமூகம் இரண்டு ராஜ்யங்களிலும் தறி ஓட்டுகிறது. ஒரு கொட்டகையின் வாசலில் நின்று எட்டிப் பார்த்த என்னை, உள்ளே நூல் அறுந்த இடத்தை முடிந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் கையால் அழைத்தார். பேச்சு முதலில் தெலுங்கில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறியது.

"உட்காருங்க ஐயா. சத்தம்னு பார்க்காதீங்க, சத்தம் நின்னாத்தான் எங்களுக்குப் பயம்."

"இந்தத் துணி எங்கே போகிறது, பெரியவரே?" என்று கேட்டேன்.

"பாவு நூலு தமிழ்நாட்டுலேருந்து டெம்போவுல வருது. நெசவு இங்க. துணி ஈரோட்டுச் சந்தைக்குப் போயிடுது. என் பொண்ணைப் பொதட்டூர்பேட்டையில குடுத்திருக்கேன், மருமக புத்தூர்க்காரி. எல்லை எதுன்னு கேட்டீங்கன்னா, கரண்டு கம்பத்தைத்தான் காட்டணும். அந்தப் பக்கத்துத் தறிக்கு ஒரு கணக்கு, இந்தப் பக்கத்துத் தறிக்கு ஒரு கணக்கு. கூலி எங்க குறைச்சலோ அங்க ஆர்டரு ஓடிடுது. இதுக்கு மட்டும் ரெண்டு பக்கத்துக்காரங்களும் ஒண்ணா உக்காந்து பேசினா நல்லாயிருக்கும்."

சொல்லிக்கொண்டே அவர் அறுந்த நூலை விரல் நுனியில் எச்சில் தொட்டு முறுக்கி முடிந்தார், நெம்புகோலைத் தள்ளினார், நாடா மறுபடியும் ஓடத் தொடங்கிற்று. பிராந்திய ஒத்துழைப்பு என்று மாநாடுகளில் சொல்லுவது இதற்குத்தான். அண்டை ராஜ்யங்கள் முதலாளிகளை அழைப்பதற்காக ஒருவரை ஒருவர் விலை குறைத்துக்கொண்டு போனால், வழித்தடத்தின் இரு மருங்கிலும் இறங்குவது கூலியாகத்தான் இருக்கும்.

நூலைப் போலவே நீரும் எல்லை தாண்டி வருகிறது. சென்னை மாநகரத்தின் தாகத்தைத் தீர்க்கக் கிருஷ்ணை நதியிலிருந்து மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. தண்ணீர் விட்டுக்கொடுக்க இசைந்து, 1983-ல் எம்.ஜி. ராமச்சந்திரனும் என்.டி. ராமராவும் ஒப்பந்தம் செய்ததன் பயனாக எழுந்த தெலுங்கு கங்கைத் திட்டத்தின் நீர், கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே வந்து, ஊத்துக்கோட்டைக்கு அருகில் எல்லையைத் தாண்டி, 1996-ல் முதன்முதலாகப் பூண்டி ஏரியை எட்டிற்று. கரை சரிந்து நீர் வீணானபோது, புட்டபர்த்தி சாயி பாபாவின் அறக்கட்டளை செலவு செய்து அதைச் செப்பனிட்டது. அதே பூண்டிக்கு நீர் கொண்டுவரும் கொசஸ்தலையாற்றின் குறுக்கே ஆந்திரம் அணைகள் கட்டத் திட்டமிட்டபோது, 2022-ல் தமிழகம் ஆட்சேபித்ததும் உண்டு. ஒப்பந்தம் எழுதிய நதியில் நீர் வருகிறது. ஒப்பந்தம் எழுதாத ஆற்றில் கடிதம் போகிறது.

இனிப் புதிய வழித்தடங்களைப் பற்றி. ஜப்பானியரின் உதவியோடு திட்டமிட்ட சென்னை - பெங்களூர்த் தொழில் வழித்தடத்துக்குப் பொன்னேரி, கிருஷ்ணபட்டினம், துமகூரு என்று ராஜ்யத்துக்கு ஒன்றாக மூன்று மையங்கள் குறித்திருக்கிறார்கள். கல்கத்தாவிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் நினைத்திருக்கும் கிழக்குக் கடற்கரை வழித்தடத்தின் முதல் பகுதியாக, ஆசிய அபிவிருத்தி வங்கி 2016-ல் கடன் கொடுக்க இசைந்த விசாகப்பட்டினம் - சென்னை வழித்தடம் சுமார் 800 கிலோமீட்டர் நீளம். அதன் தென்கோடி மையம் காளஹஸ்திக்கும் ஏர்ப்பேட்டுக்கும் நடுவே. சித்தூரிலிருந்து நகரி, பள்ளிப்பட்டு, சத்தியவேடு, ஊத்துக்கோட்டைப் பக்கங்களை ஊடுருவிப் பொன்னேரியை அடுத்த தச்சூர் வரைக்கும் ஆறு தடச் சாலை ஒன்று, சுமார் 116 கிலோமீட்டர், சரக்குகளைத் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்ல வருகிறது. 1960-ல் நாம் கொடுத்த சத்தியவேட்டின் பக்கத்தில் இன்று ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் எழுந்து, எல்லைக்கு இப்பாலிருந்தும் எத்தனையோ இளைஞர்கள் தினந்தோறும் அங்கே வேலைக்குப் போய்வருகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, கொடுத்ததும் நமக்குத்தான் பயன்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த ஆறு தடச் சாலைக்கு விளைநிலத்தைக் கொடுக்கமாட்டோம் என்று ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் போராடியதையும் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. இரு புறமும் வேலி கட்டி, உயரத்தில் ஓடுகிற இத்தகைய சாலைகளில் சித்தூரின் சரக்கு இரண்டு மணி நேரத்தில் கப்பலை எட்டலாம். நடுவிலே இருக்கிற கிராமத்தான் தன் வயலின் மறு பாதிக்குப் போக எத்தனை தூரம் சுற்ற வேண்டும் என்பதையும் அதே கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டும். நம்முடைய பழைய வீடுகளில் வாசல் திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழி என்று ஒன்று உண்டு. அது கடந்து போகிற இடந்தான்; ஆனால் கீரைக்காரி கூடையை இறக்குவதும், பக்கத்து வீட்டுப் பாட்டி சுவரில் சாய்ந்து கதை பேசுவதும், வெயிலில் வந்த தபால்காரர் தண்ணீர் கேட்டுக் குடிப்பதும் அங்கேதான். ஒருவரும் நிற்க முடியாத ரேழியை எந்தக் கொத்தனாரும் கட்டமாட்டார். தேசங்களுக்கு நடுவே வழித்தடம் அமைக்கிறவர்களுக்கும் இந்த ஒரு பாடம் போதும் என்பது என் அபிப்பிராயம்.

சாயங்காலம் நகரி நிலையத்தில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். அடுத்த நிலையம் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. ஒரு காலத்தில் இந்திய ரயில்வேயில் இதைவிட நீளமான பெயருள்ள நிலையம் இருந்ததில்லை என்பார்கள். பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அதற்கு அடுத்தது, எல்லைக்கு இப்பால், பொன்பாடி, நான்கே எழுத்து. நீளப் பெயர்க்காரரும் குறும்பெயர்க்காரரும் ஒரே தண்டவாளத்தில் ஒன்றரை நூற்றாண்டாகச் சண்டையின்றி வாழ்கிறார்கள்.

திருத்தணியில் வண்டி மாற இறங்கியபோது, மலைமேல் விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஊருக்குள் அபராஜித பல்லவன் காலத்தில் எழுந்த வீரட்டானேசுவரர் கோயில் ஒன்று இருக்கிறது. பல்லவர்களும் பாணர்களும் இந்தத் தொண்டை மண்டலத்தின் வடபாலை ஆண்ட அந்தக் காலத்தில், தமிழ் நாட்டிலிருந்து தெலுங்கு நாட்டுக்குப் போன பெருவழி ஒன்றுக்கு வடுகவழி என்று பெயர். பாணர்களின் நாட்டையே வடுகவழி மேற்கு என்று சாசனங்கள் குறிக்கின்றன. இன்று நாம் சாலைகளுக்கு எண் கொடுக்கிறோம். வழித்தடங்களுக்கு நகரங்களின் முதலெழுத்துகளைக் கோத்துப் பெயர் வைக்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்கள், அந்தச் சாலை யாரிடம் போகிறதோ அந்த அண்டை வீட்டாரின் பெயரை அதற்கு வைத்தார்கள். சாலை எதற்காக என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.